வெள்ளைப் பல்லும் எச்சிலின் கணக்கும்

எச்சில் என்றாலே முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பல்லை வெளுக்க மனிதன் செய்த கூத்துகளைக் கேட்டால், அந்த எச்சிலுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்!

வெள்ளைப் பல் மோகம் நேற்று வந்ததல்ல. ஸ்பெயின் பகுதி மக்கள் சிறுநீரால் பல் துலக்கியதை ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கேலி செய்திருக்கிறார். பிறகு ஐரோப்பாவில் முடி திருத்துபவர்களே பல் வைத்தியமும் பார்த்த காலம் வந்தது. பல்லை அரத்தால் ராவி, அதன் மேல் நைட்ரிக் அமிலம் தடவுவார்கள். பல் பளிச்சென்று ஆகும். எல்லாம் கொஞ்ச நாள்தான். எனாமல் கரைந்து, பல் சொத்தையாகி, கடைசியில் பல்லே போய்விடும்.

அப்போது எச்சில் எங்கே போனது?

எனாமல் உடலிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புதான். ஆனால் அதில் உயிருள்ள செல்கள் இல்லை. தோலைப் போல அது தானாக வளராது. வாயின் அமில அளவு, அதாவது பி.எச்., ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும்.

1940களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீபன், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல்லில் இதை அளந்து பார்த்தார். சில நிமிடங்களில் பி.எச். மளமளவென்று இறங்கியது, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்கு ஏறியது. அப்படி ஏற்றி விடுவதில் பெரிய பங்கு எச்சிலுக்கு. அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. அதிலேயே கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலுக்குத் திரும்பப் போய்ச் சேருகின்றன. வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். சின்னச் செலவை எச்சில் ஈடுகட்டும். நைட்ரிக் அமிலம் முதலையே அழித்துவிட்டது!

திருப்பம் வந்தது 1960களின் கடைசியில். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் பில் கிளஸ்மயர், ஈறு வீங்கியவர்களுக்கு ஒரு கிருமிநாசினியைப் பல் உறையில் ஊற்றி இரவில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது. அந்த மருந்தில் இருந்தது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. 1989ல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் இந்த முறையை ஆய்வு செய்து வெளியிட, அது உலகமெங்கும் பரவியது.

இது ஏன் எனாமலைத் தின்னவில்லை? 10 சதவீத மருந்து உடைந்தால் கிடைப்பது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். கூடவே வரும் யூரியா பி.எச்.சை உயர்த்துகிறது. உறையிலிருந்து கசியும் பெராக்சைடை எச்சிலின் நொதிகள் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகின்றன. உறையைக் கழற்றியதும் எச்சில் பல்லை நனைத்து, இழந்த தாதுவைத் திருப்பித் தருகிறது. பிடுங்கிய பல்லை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளில் எனாமலின் கடினம் குறைந்தது; எச்சிலில் வைத்தபோது அந்தக் குறை பெருமளவு சரியானது.

ஆனால் எச்சிலுக்கும் எல்லை உண்டு. மருத்துவமனையில் 25 முதல் 40 சதவீதம் வரை பெராக்சைடு பூசும்போது பல்லை உலர வைத்துத்தான் பூசுகிறார்கள். அந்த நேரத்தில் எச்சில் பக்கத்திலேயே வர முடியாது. அதனால்தான் ஈறுக்குத் தனியாகப் பாதுகாப்புப் பூச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருட்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தர வேண்டும் என்று விதித்தது. சில மாத்திரைகளாலோ, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சு சிகிச்சையாலோ வாய் வறண்டவர்களுக்கு இந்தக் காவலும் குறைவு. அவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எலுமிச்சையைத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதுவும் அமிலம்தான். அந்தக் கால முடிதிருத்துபவரின் பாட்டிலுக்குத் தூரத்துச் சொந்தம்! வெள்ளைப் பல் வேண்டுமா? எச்சில் ஈடுகட்டக்கூடிய அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.