ஏற்றம் முதல் மின்மோட்டார் வரை: தமிழக நீரிறைப்பில் முறுக்குவிசை

ஆய்வுச் சுருக்கம்

ஏற்றத்திலிருந்து மின்மோட்டாருக்கு நிகழ்ந்த மாற்றம், சிறிய விசையிலிருந்து பெரிய விசைக்குச் சென்ற வளர்ச்சியாகவே பெரிதும் கருதப்படுகிறது. இம்மாற்றத்தில் முறுக்குவிசை குறைந்தது என்பதையும், பெருகியது சுழற்சி வேகமே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஏற்றம், கவலை, முறுக்குவிசை, மின்மோட்டார், பைக்காரா.

முன்னுரை

விசை ஒரு பொருளை அச்சைப் பற்றித் திருப்பும் விளைவே முறுக்குவிசை. விசையின் அளவை, அச்சிலிருந்து அவ்விசைக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்க அது கிடைக்கும். கதவைக் கீலருகே தள்ளுவதைவிட விளிம்பில் தள்ளுவது எளிதாவது இதனாலேயே ஆகும். இவ்விளைவைப் பயன்கொண்ட கருவிகள் தமிழகத்திற்குப் புதியன அல்ல. ஏற்றம், ஆம்பி, கிழார் ஆகிய நீரிறைக் கருவிகளை மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது.

ஏற்றமும் கவலையும்

ஏற்றத்தின் துலா, நட்ட காலின்மீது அச்சில் அமைந்து ஏறி இறங்கும். அதன்மேல் மிதிப்பவர் அச்சிலிருந்து விலகி நடக்க முறுக்குவிசை மிகும். அச்சை நெருங்கக் குறையும். 60 கிலோ எடையுள்ளவர் அச்சிலிருந்து 1 மீட்டர் தொலைவில் நின்றால் ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகும். 2 மீட்டரில் அது இருமடங்காகும். சால் நிறைந்ததா, நீர்மட்டம் தாழ்ந்ததா என்பதற்கேற்ப அடியெடுத்து வைத்தவர், தம் நடையாலேயே முறுக்குவிசையை அளந்து செலுத்தினார் எனலாம்.

கவலையில் மாடுகள் சரிவில் இறங்கி நடந்தமையால் அவற்றின் எடையும் இழுவைக்குத் துணைநின்றது. அங்கு உருளை விசையின் திசையை மாற்றியதேயன்றி விசையைப் பெருக்கவில்லை.

மின்மோட்டாரின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முயன்றார். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவியது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டார், இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டாராகக் குறிக்கப்படுகிறது.

நிமிடத்திற்கு 1440 சுற்று சுழலும் 5 குதிரைத்திறன் மோட்டார் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் மட்டுமே. துலாவில் 1 மீட்டர் தொலைவில் நின்றவர் தந்ததில் இது இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும், திறன் என்பது முறுக்குவிசை, கோண வேகம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். நாள் முழுதும் உழைக்கும் ஒருவரின் திறன் ஏறத்தாழ 75 வாட். மேற்கண்ட மோட்டாரின் திறனோ 3,700 வாட்டுக்கும் மிகுதி. மாற்றத்தின் உட்பொருள் வேகத்திலேயே அடங்கியுள்ளது.

இதனாலேயே மோட்டாரைச் சாலுடன் நேரே பிணைக்க இயலவில்லை. மையவிலக்குப் பம்பு தேவைப்பட்டது. அதற்கு வேண்டிய முறுக்குவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், பாதி வேகத்தில் கால் பங்கே போதும். தொடக்கச் சுமை குறைந்த இப்பம்பும் விரைந்து சுழலும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

கலைச்சொற் சிக்கல்

‘டார்க்’ என்னும் ஆங்கிலச் சொல் 1884 அளவில் ஜேம்ஸ் தாம்சனின் பரிந்துரையால் வழக்கிற்கு வந்தது. முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்த அச்சொல்லில் விசை என்னும் கூறு இல்லை. தமிழில் வழங்கும் ‘முறுக்குவிசை’ அதனை விசையின் வகையாகவும், ‘திருப்புத்திறன்’ திறனின் வகையாகவும் மயங்கச் செய்கின்றன. விசை, முறுக்குவிசை, திறன் ஆகிய மூன்றையும் ‘வலிமை’ என்ற ஒன்றாகக் கொள்ளும் வரலாற்றெழுத்துக்கு இம்மயக்கமும் இடந்தருகிறது.

முடிவுரை

ஏற்றத்தைத் திறன் குன்றிய கருவி எனலாம். முறுக்குவிசை குன்றிய கருவி எனல் பொருந்தாது. கிணற்றில் நீர் தாழத் தாழ மிதிப்பவரின் உடல் அதனை ஒவ்வோர் இறைப்பிலும் உணர்ந்தது. மோட்டாரை இயக்குபவருக்கு அவ்வுணர்வு எட்டுவதில்லை. நீரிறைப்பின் வரலாற்றை எழுதுவோர், பெற்ற வேகத்துடன் இழந்த இவ்வுணர்வையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.