உறவுகளில் உளவழிச் சூழ்ச்சி

குற்றவுணர்ச்சி, பயம், நன்றிக்கடன் ஆகியவற்றைக் கொண்டு நெருங்கியவரின் முடிவுகளைத் தன்வசமாக்கும் நடத்தை. இதைச் சொல்லைவிட விளைவைக் கொண்டே அறிய முடியும். கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டைப் போல மிளகு விளையும் ஊரில், காய வைத்தவள் மனைவி, விற்ற பணம் கணவன் கையில் என்பது மட்டுமே சூழ்ச்சியாகாது. கேட்டால் "உனக்கென்ன கணக்குத் தெரியும்?" என்பது, பல நாள் முகங்கொடுக்காமல் இருப்பது, தாய்வீட்டுப் போக்குவரத்தைத் தடுப்பது எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் அதன் போக்குப் புலப்படும். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, உணர்வுவழி, பொருளாதாரத் துன்புறுத்தல்களையும் வன்முறையாகவே கருதுகிறது. இங்கிலாந்து 2015-இல் இத்தகைய தொடர் கட்டுப்படுத்தலைத் தனிக் குற்றமாக்கியது.

கோபதாபம் இல்லாத குடும்பம் ஏது, இதையெல்லாம் சூழ்ச்சி என்றால் உறவே மிஞ்சாது என்பார்கள். ஓரளவு நியாயம்தான், ஒருநாள் கடுஞ்சொல்லை வைத்து யாரையும் எடைபோட முடியாது. ஆனால் சண்டையில் இருவரும் பேசுகிறார்கள். இங்கே ஒருவர் வாய் திறக்கும் முன்பே பின்விளைவை எண்ணி அடங்கிவிடுகிறார். "உன் நல்லதுக்குத்தான்" என்பவர் மறுப்பை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்தால் போதும். ஆண்களும் இதற்கு ஆளாவதுண்டு. ஆனால் மேற்சொன்ன இந்தியச் சட்டத்தில் முறையிடும் உரிமை பெண்ணுக்கு மட்டுமே.