பிடியரிசியும் தீக்குச்சியும்

விருதுநகர் ஷத்ரிய வித்யாசாலா பள்ளி எப்படி வளர்ந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி. உலை வைக்கும்போது தனியாக எடுத்து வைத்த அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போனது. வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு மகமை கொடுத்தார்கள். கோயில் நுழைவுச் சண்டையில் 1899-இல் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயில் வழக்கில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. கோயிலும் கோர்ட்டும் கதவைச் சாத்தியபோது, அவர்கள் கடையையும் பள்ளிக்கூடத்தையும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னாலேயே பட்டாசும் வந்தது. மழை ஏமாற்றுகிற கரிசல் பூமி. குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். வேலை கேட்கிற கைகளுக்கும் பஞ்சமில்லை.

1950-இல் குடியரசு வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அரசியல் சாசனத்தின் 24-ஆம் பிரிவு. 1954-இல் காமராஜர் முதலமைச்சர். படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போன விருதுநகர்ப் பையன், ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதியச் சோறும் போட்டார்.

ஆனால் அவருடைய சொந்தச் சீமையிலேயே, விடியுமுன்னே கிராமத்துக்கு வருகிற பஸ்ஸில் பிள்ளைகள் ஏறினார்கள். கேட்டால், "தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுது" என்பார்கள். குச்சி அடுக்கச் சின்ன விரல்தான் தோது என்று ஒரு நியாயம் வேறு. எண்ணிக்கைக்குக் கூலி, வீட்டுக்கு முன்பணம். அப்புறம் பிள்ளை எப்படி ஸ்கூலுக்குப் போகும்? 1986-இல் வந்த சட்டமும், குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு விலக்குக் கொடுத்தது.

இது நம்ம ஊர் விசேஷம் மட்டுமில்லை. எல்லாரும் சமம் என்று 1776-இல் அறிவித்த அமெரிக்காவில், 1790-இல் ரோட் ஐலண்டில் சாமுவேல் ஸ்லேட்டர் தொடங்கிய நூற்பாலையின் முதல் தொழிலாளிகள் ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள். புதுக் குடியரசுகள் முதலில் ஓட்டு உள்ளவனின் குரலைத்தான் கேட்கின்றன.

அந்த ஓட்டின் பலத்தை விருதுநகரே காட்டியது. 1967-இல் காமராஜரைச் சொந்த ஊரில் ஒரு மாணவர் தலைவர், பெ. சீனிவாசன், 1,285 ஓட்டில் தோற்கடித்தார். அவ்வளவு பெரிய மனிதரை இறக்க ஒரு நாள் போதும். ஓட்டில்லாத பிள்ளைக்கோ வருஷக்கணக்கில் காத்திருப்பு. ஓட்டுள்ள அப்பா அம்மாவுக்கும் அந்தக் கூலி தேவையாக இருந்தது.

1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். சாசனம் வந்து 46 வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் பிள்ளைகள் படிக்க ஊரே விரும்பிக் கொடுத்தது பிடியரிசி. இது கோர்ட் சொல்லி வசூலிக்க வேண்டிய மகமை.