முதல் அமைச்சரவையில் ஒரே தமிழர்: அட்டன் தந்த பெரி. சுந்தரம்

1931இல் சர்வசன வாக்குரிமையுடன் அமைந்த இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஏழு பேர் இருந்தனர். அவர்களில் தமிழர் ஒருவரே. அவர் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் செறிந்து வாழும் அட்டன் தொகுதியிலிருந்து வந்தார். யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

அவர்தான் சட்டத்தரணி பெரி. சுந்தரம். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துடன் இணைந்து தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்தார். அக்காலத்தில் தோட்டத்தை விட்டு விலகும் தொழிலாளிக்குக் கடன் தீர்ந்ததென்ற 'துண்டு' வேண்டும். அது இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. அருணாசலம் முதலானோரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக அவர் இருந்த காலத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. வேலையில் காயமடைந்தால் அல்லது இறந்தால் முதலாளி நட்டஈடு வழங்க வேண்டுமென்றது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டபோதும் தொழில் அமைச்சு அவரிடமே இருந்தது. 1936இல் அட்டன் ஆசனம், தோட்டங்களில் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரிடம் சென்றது. சட்டம் தெரிந்தவரை விட, தங்களோடு நின்றவரைத் தொழிலாளர்கள் தெரிந்தெடுத்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பின்னர் 1977 வன்செயலில் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் போரையும் எங்களோடு சேர்ந்தே சுமந்தன.

ஆனால் அந்த இரண்டு சட்டங்களும் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளன. அமைச்சரை உருவாக்கிய வாக்குகள் பறிக்கப்பட்டன; அவர் காலத்துச் சட்டங்களோ நாட்டின் எல்லாத் தொழிலாளருக்கும் பயன்படுகின்றன. வடக்கில் வேலைத்தளத்தில் காயமடைந்து நட்டஈடு கேட்கும் ஒருவர் நாடுவதும் அதே 1934ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். மலையகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன்களில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.