குளோஸ்டர் கோமகன் இறந்தது எந்த நாள்?

ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தொடக்கத்திலேயே போலிங்புரோக், மௌப்ரே என்ற இரு பிரபுக்கள் மன்னர் முன் மல்லுக்கு நிற்பார்கள். அந்தச் சண்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு சாவு. இறந்தவர் குளோஸ்டர் கோமகன் தாமஸ். மன்னர் ரிச்சர்டுக்குச் சித்தப்பா முறை.

அந்நாளில் மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்ற பிரபு கண்ணை மூடினால், அதிகாரிகள் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். என்று இறந்தார், என்ன நிலம், வாரிசுக்கு என்ன வயது என்று எழுதி வைப்பார்கள். பல பிரபுக்களின் இறந்த தேதி நமக்குக் கிடைப்பது இந்த ஏடுகளில்தான். (ஒரே ஆள் ஒரு மாவட்டத்தில் ஒரு நாளும், அடுத்த மாவட்டத்தில் வேறொரு நாளும் செத்திருப்பார், அது தனி வேடிக்கை!) ஆனால் தாமஸ் இறந்தது, ஆங்கிலேயர் வசமிருந்த கலே துறைமுகத்தில், காவலில். அங்கே கோட்டைத் தலைவர் அதே மௌப்ரே. ஊர்க்காரர் சாட்சியம் இங்கே உதவாது.

1397 ஜூலையில் கைதானவர் ஆகஸ்டிலேயே போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. செப்டம்பர் 17-இல் பாராளுமன்றம் கூடியது. அவரைக் கொண்டுவரச் சொன்னபோது, 24-ஆம் தேதி மௌப்ரேயிடமிருந்து வந்த பதில்: இறந்துவிட்டார். உடனே அவருடைய வாக்குமூலம் சபையில் வாசிக்கப்பட்டது. அதை வாங்கியவர் நீதிபதி வில்லியம் ரிக்ஹில். அவருக்கு அனுப்பிய ஆணையில் ஆகஸ்டு 17 என்று தேதி இருக்கிறது. வாக்குமூலம் வாங்கிய நாள் மட்டும் ஏட்டில் இல்லை!

ஏன் இல்லை என்பது 1399-இல் வெளிவந்தது. ரிச்சர்டு பதவி இழந்து, போலிங்புரோக் அரியணை ஏறியிருந்தார். சபைமுன் நிறுத்தப்பட்ட ரிக்ஹில் நடந்ததைச் சொன்னார். ஆணை அவர் கைக்கு வந்ததே செப்டம்பர் 5 நள்ளிரவில். கலே போனால், அட, இறந்ததாகக் கேள்விப்பட்டவர் உயிரோடு இருக்கிறார்! பயந்துபோன நீதிபதி, இரண்டு சாட்சிகள் இல்லாமல் பேசமாட்டேன் என்று கேட்டுவாங்கிக்கொண்டார். எட்டாம் தேதி எழுத்து மூலம் வாக்குமூலம் கிடைத்தது. மறுநாள் மறுபடி பார்க்கப் போனவரை உள்ளே விடவில்லை.

தேதியை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று 1902-இல் ஜேம்ஸ் டெய்ட் என்ற வரலாற்றாசிரியர் வாதாடினார். பிறகு மறுப்பவர்களும் வந்தார்கள். ஆனால் அவர் வாதம் வலுவானது. ஆகஸ்டில் இறந்தார் என்றால் நோய் என்று சொல்லித் தப்பிக்கலாம். செப்டம்பர் எட்டில் பேசியவர், சபை கூடும் முன்பே இறந்தார் என்றால் மன்னர்மேல்தான் சந்தேகம் விழும்.

ஜான் ஹால் என்ற பணியாளும் 1399-இல் வாக்குமூலம் கொடுத்தான்: விடுதி ஒன்றில் இறகு மெத்தையால் அமுக்கிக் கொன்றார்களாம். புது மன்னருக்குப் பிடித்த கதை அது. ஹாலுக்குக் கிடைத்ததோ மரணதண்டனை. அதனால் அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ரிக்ஹில்லும் தன் தலையைக் காப்பாற்றப் பேசியவர்தான். ஆனால் அவர் நாளைச் சொன்னார், கூட இருந்த சாட்சிகளையும் சொன்னார்.

இன்றைய நூல்கள் 1397 செப்டம்பர் 8 அல்லது 9 என்று போடுகின்றன. மறுநாள் அந்தக் கதவு திறக்காததைப் பார்த்தால், எனக்கென்னவோ எட்டாம் தேதி இரவு என்றே படுகிறது.