உயிரி டீசலில் கந்தகம்: நுண்கூலோம் அளவீட்டின் ஒருதலைப் பிழை

உயிரி டீசலில் கந்தகம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்ற கருத்து, தூய தாவர எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். பொரித்து மீந்த எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் மூலப்பொருளாகும்போது நிலைமை மாறுகிறது. புரத எச்சங்களில் உள்ள சிஸ்டீன், மெத்தியோனைன் ஆகியவை கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள். கட்டற்ற கொழுப்பு அமிலம் மிகுந்த எண்ணெயை எஸ்டராக்க வினையூக்கியாகச் சேர்க்கும் கந்தக அமிலமும், கழுவுதல் குறைந்தால் எரிபொருளிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஈ.என். 14214 தரம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்கும் இதுவே வரம்பு.

இவ்வளவு சிறிய அளவை மின்வேதியியல் வழியில் அறிய உதவுவது ஆக்சிஜனேற்ற நுண்கூலோம் அளவியல். மாதிரியை உலையில் எரித்து, உண்டாகும் கந்தக டைஆக்சைடை அயோடைடுக் கரைசல் உள்ள மின்கலத்துக்குள் செலுத்துகிறார்கள். அது அங்குள்ள ட்ரைஅயோடைடை ஒடுக்குகிறது; குறைந்த ட்ரைஅயோடைடை மீண்டும் உருவாக்கத் தேவைப்படும் மின்னூட்டமே அளவீடு. ஒரு கந்தக அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான்கள். வரம்பில் நிற்கும் எரிபொருளின் 10 மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 88 நானோகிராம் கந்தகம் இருக்கும். அதற்குரிய மின்னூட்டம் சுமார் 0.53 மில்லிகூலோம்.

இம்முறைக்கு ஒரு தெளிவான அனுகூலம் உண்டு. உயிரி டீசலின் எடையில் சுமார் 11 விழுக்காடு ஆக்சிஜன். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் அந்த ஆக்சிஜன் கந்தகத்தின் கதிரை உறிஞ்சுவதால், கனிம எண்ணெயில் அளவுதிருத்தம் செய்த கருவி குறைத்துக் காட்டும். எரித்த பின் அளக்கும் முறையில் இச்சிக்கல் எழாது. ஆனால், மின்னூட்டத்திலிருந்தே பொருளின் அளவைத் தரும் ஃபாரடே விதியைச் சார்ந்த அளவீடு என்பதால் திட்டக் கரைசலே வேண்டாம் என்று வாதிடுவது தவறு. ஃபாரடே விதி மின்கலத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். உலையை அது கட்டுப்படுத்தாது.

உலையில் கந்தகத்தின் ஒரு பகுதி ட்ரைஆக்சைடாக மாறுகிறது. அது ட்ரைஅயோடைடுடன் வினைபுரிவதில்லை. பத்தில் ஒரு பங்கு இப்படி நழுவினால், கிலோவுக்கு 11 மில்லிகிராம் உள்ள எரிபொருள் 9.9 எனத் தேறிவிடும். மாதிரியிலுள்ள குளோரினும் நைட்ரஜனும் எரியும்போது உண்டாகும் ஆக்சிஜனேற்றிகள் அயோடைடைத் தாமே ட்ரைஅயோடைடாக்குவதால், மின்முனை செய்யவேண்டிய வேலை குறைகிறது. மின்பகுளியில் சேர்க்கும் சோடியம் அசைடு இக்குறுக்கீட்டைத் தணிக்கும். மாதிரியில் இவ்விரு தனிமங்களும் மிகுந்தால் அது போதாது. ஆக, முக்கியமான பிழைகள் அனைத்தும் ஒரே திசையில், எரிபொருளைத் தேறவைக்கும் திசையில் சாய்கின்றன. பலமுறை அளந்து சராசரி எடுத்தாலும் இச்சாய்வு நீங்காது.

கந்தகத்தை அளக்கும் மற்றொரு முறையான புறஊதா ஒளிர்விலும் ட்ரைஆக்சைடு இழப்பு உண்டு. ஆயினும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு தானும் ஒளிர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். நைட்ரஜன் மிகுந்த மாதிரியில் இரு முறைகளும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால், அவற்றின் வேறுபாடே குறுக்கீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

எனவே, உள்ள கந்தகத்தில் எவ்வளவு பங்கு அளவீட்டில் தென்படுகிறது என்ற மீட்பு வீதத்தை மெத்தில் ஓலியேட் போன்ற எஸ்டரில் கரைத்த கந்தகச் சேர்மத்தைக் கொண்டு, மாதிரியை எரிக்கும் அதே சூழலில் கணிக்கவேண்டும். மீந்த எண்ணெயிலிருந்து வந்த மாதிரிகளில் அறிந்த அளவு கந்தகத்தைச் சேர்த்து மீண்டும் அளப்பது கட்டாயமாகவேண்டும். திருத்தப்படாத 9.9 என்ற முடிவைத் தேர்ச்சிக்குச் சான்றாக ஏற்கக் கூடாது.