பள்ளியா, தறியா? காஞ்சிபுரத்தின் பழைய கேள்வி

இந்த எபிசோட்ல நாம காஞ்சிபுரம் போறோம். ஆனா காமாட்சி அம்மன் கோயிலுக்கோ பட்டுப் புடவைக் கடைக்கோ இல்ல. ஊருக்கு வெளியே, வேகவதி ஆத்தங்கரையில இருக்கிற திருப்பருத்திக்குன்றத்துக்கு. ஜினகாஞ்சின்னும் சொல்வாங்க.

நாம ஸ்கூலுக்குச் சொல்ற 'பள்ளி', சமண, பௌத்தத் துறவிகள் தங்கின இடத்துக்கான பழைய பேரும்கூட. அந்தப் பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்ற சமண முனிவருக்கு ஒரு கிராமத்தையே கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்லுது. ஆக, ஊர் விளைச்சல்ல பள்ளி நடக்கிறது இங்க ரொம்பப் பழைய வழக்கம். ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் அங்க இடம் உண்டாங்கிறதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்துல அந்தக் கேள்வி தறியில வந்து நிக்கும். காஞ்சிப் பட்டுல உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் நெசவுலயே இணைக்கிறது கோர்வை. அதுக்கு மூணு நாடா ஓடணும். நெசவாளர் ஒருத்தரால எல்லாத்தையும் ஓட்ட முடியாது. பக்கத்துல உட்கார்ந்து ஒரு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். பல வீடுகள்ல அந்த ஆளா ஒரு சின்னப் பிள்ளை இருந்தது.

1953-ல ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகள்ல பாட நேரத்தை மூணு மணி நேரமாக் குறைச்சது. மீதி நேரம் பெற்றோரோட தொழிலைக் கத்துக்கலாம்னு சொன்னாங்க. எதிர்த்தவங்க இதைக் 'குலக்கல்வித் திட்டம்'னு கூப்பிட்டாங்க. பெரியார் எதிர்த்தார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துல பிறந்த அண்ணாவோட தி.மு.க. 1953 ஜூலையில போராட்டத்துல இறங்கிச்சு. தறி வீட்டுல இருந்து யோசிச்சா கோபம் புரியும்: குழந்தை ஏற்கெனவே தறியிலதான் இருக்கு. அதைத் தறியை விட்டு எழுப்புற ஒரே இடம் பள்ளிக்கூடம். 1954-ல காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அப்புறம் வேலை ஆரம்பிச்சது. கல்வித் துறை இயக்குநரா இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். 1956-ல மதிய உணவு வந்தது. 1958-ல அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூர்ல முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. நம்ம பள்ளிக்கு என்ன வேணும்னு ஊரே பட்டியல் போடும். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகைன்னு முடிஞ்சவங்க முடிஞ்சதைக் கொடுப்பாங்க. பள்ளிச்சந்தத்தைக் கொடுத்தது மன்னன். இங்க கொடுத்தது பிள்ளையை அனுப்புற ஊர். எனக்கு இதுல முக்கியமாப் படுறது அந்த வித்தியாசம்தான்.

அதனால தறி உடனே காலியாகிடல. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட தடைப் பட்டியல்ல நெசவும் இருந்தது. ஆனா சொந்தக் குடும்பத்தோட உதவியில நடக்கிற பட்டறைக்கு விலக்கு. காஞ்சியில பெரும்பாலான தறி வீட்டுக்குள்ளதானே இருக்கு? சட்டம் வாசல்லயே நின்னுடுச்சு.

2009 கல்வி உரிமைச் சட்டம் வேற வழியில வந்தது. 6 முதல் 14 வயசு வரை இலவசக் கட்டாயக் கல்வி. அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு. உறுப்பினர்கள்ல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல தமிழ்நாடு அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கிச்சு. ஊர்க்காரங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிக்கு உதவலாம். கடம்பத்தூர் யோசனைதான், இப்போ இணையதளம் வழியா.

பணம் கொடுக்கிறது நல்லதுதான். ஆனா அந்தக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நெசவாளர் அம்மா வரணும்னா அன்னைக்குத் தறி நிக்கும், கூலி போகும். அவங்களும் வந்து உட்கார வழி பண்ணணும். அப்போதான் அது முழுசா ஊர்ப் பள்ளி. நீங்க படிச்ச அரசுப் பள்ளியில அடுத்த கூட்டம் எப்போன்னு விசாரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.